மரத்தில் இல்லாத ஃபெலிசின்

ஜனவரி 9, 2018. செவ்வாய்

காலையிலிருந்து பட்டியல் போட்டேன். விருதுக் குழுவுக்கு என் கட்டுரைகள் அத்தனையும் வரிசைப்படி வேண்டுமாம். தலைப்பு, இதழ், ஆண்டு, கூட எழுதியவர்கள், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பது வரை. முப்பத்தொரு வருஷத்தில் அறுபத்து மூன்று கட்டுரை. அதில் பத்தொன்பது ஃபெலிசினைப் பற்றியவை.

துறைத்தலைவர் ஜோவிட்டோ எட்டிப் பார்த்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், வாய் மட்டும் பெரிசு. "மேம், அறுபத்து மூணுல பத்தொன்பது உங்க அம்மாவா? எங்கம்மா பேர்ல ஒரு தெருமுனைகூட இல்ல" என்றான். சிரித்துவிட்டேன்.

அந்திகே மலையின் காட்டு நாரத்தைப் பட்டையிலிருந்து 2001-இல் நான் பிரித்தெடுத்த சேர்மத்துக்கு என் அம்மா, நானாயின் பெயரைத்தான் வைத்தேன். ஃபெலிசா, ஃபெலிசின். கண்டுபிடித்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, வைக்கக் கிடைத்த பெயர் அது ஒன்றுதான். அதைப் பற்றிய முதல் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் எங்கள் கூடத்தில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் நானாய் அந்த அறுகோணங்களைக் காட்டி "இது நான்" என்பாள். எண்பத்திரண்டு வயதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

கூட எழுதியவர்கள் என்ற பத்தியில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். தங்கை லெட்டா இரண்டு வருஷம் என் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அவள் பெயர் ஒன்றில்கூட இல்லை. தேடிப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஜனவரி 12

பட்டியல் அனுப்பியாயிற்று. தேங்காய்ப் பால் விட்ட சோற்றுப் பலகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நானாய் மூன்று தின்றாள், சர்க்கரை வியாதி என்று சொன்னால் காது கேட்காது.

ஜனவரி 16, செவ்வாய்

ஜப்பானில் ஓர் ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல். ரொம்ப மரியாதையான கடிதம். அவர்கள் ஃபெலிசினைக் குடுவையில் முதலிலிருந்து கட்டிச் செய்திருக்கிறார்கள். நான் 2003-இல் வரைந்த வடிவம் முழுக்கச் சரி என்று வாழ்த்து வேறு. அடுத்த பத்தி: அதே மலையிலிருந்து பட்டை வரவழைத்து மெத்தனாலில் ஊறப்போட்டுப் பார்த்தோம். எத்தனாலிலும் பார்த்தோம். ஃபெலிசின் கிடைக்கவில்லை. அதைவிடச் சிறிய ஒரு சேர்மம் மட்டும் கிடைக்கிறது. தாங்கள் அசிட்டோனில் ஊறப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது குறித்துத் தங்கள் கருத்து என்ன?

பதில் போடவில்லை. மேசையில் இருந்த காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஜனவரி 17

தூங்கவில்லை.

இரண்டு மெத்தில். வளையத்தின் ஓரத்தில் ஒரே கார்பனில் இரண்டு மெத்தில், ஆக மூன்று கார்பன். அசிட்டோனில் இருப்பதும் அதே மூன்று கார்பன். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அசிட்டோனைத் தொட்ட சரக்கில் அந்த இரண்டு மெத்திலைப் பார்த்தால் முதலில் உங்கள் மேல் சந்தேகப்படுங்கள், மரத்தின் மேல் அப்புறம் படலாம் என்று. பத்து வருஷமாக இதே வாக்கியம்.

2001-இல் மெத்தனால் பீப்பாய் மணிலா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. மோலோவில் பிரம்பு நாற்காலிக்கு மெருகு போடுகிற கடையில் அசிட்டோன் வாங்கினேன். மரத்தில் இருந்தது சின்னச் சேர்மம். பிரிக்கும் குழாயில் நான் அடைத்த சிலிக்காத் தூள் கொஞ்சம் அமிலம். அசிட்டோன் போய் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மரம் அதைச் செய்யவே இல்லை. நான்தான் செய்திருக்கிறேன்.

அப்படியென்றால் லெட்டா –

இல்லை. இன்னும் நிரூபணம் ஆகவில்லை. முதலில் சோதனை.

ஜனவரி 21, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு லெட்டா மிலானிலிருந்து கூப்பிட்டாள். பதினோரு வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. நானாய் வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, செல்பேசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். நான் சமையலறை வாசலில் நின்றேன். எப்போதும் அங்கேதான் நிற்பேன். கடைசியில் அக்கா என்னைப் பற்றி, "மனாங் நல்லா இருக்காளா?" என்று அவள் நானாயிடம் கேட்பாள். "இருக்கா, இங்கதான் நிக்கிறா" என்பாள் நானாய். அதோடு முடியும்.

இன்றும் அதே. குரல் மட்டும் எனக்குப் புதிதாகக் கேட்டது.

ஜனவரி 28, ஞாயிறு. திருவிழா

காலையிலிருந்து முரசு. தினாக்யாங் ஊர்வலம் எங்கள் தெரு வழியே போகாது, ஆனாலும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எழுதிவிட வேண்டியதுதான். நாள் கடத்தி என்ன ஆகப்போகிறது.

2004-இல் லெட்டாவை ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டேன். எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது நான்தான். அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, ஃபெலிசினை நிறையப் பிரித்துத் தருவது. மருந்துக் குணம் பார்க்க நிறைய வேண்டியிருந்தது. சேர்ந்த முதல் வாரமே சொன்னாள்: "மனாங், அசிட்டோன்ல எனக்கு மூச்சு இழுக்குது. மெத்தனால்ல போடட்டுமா?" எதிலே போட்டால் என்ன, போடு என்றேன். நான் சொன்னது அது. என் வாயால்.

அவளுக்கு ஃபெலிசின் வரவில்லை. ஒரு தரம் இல்லை, ஏழு தரம். ஒவ்வொரு தரமும் தலையைக் குனிந்துகொண்டு வந்து "வரல, மனாங்" என்பாள். பட்டையை வீணடிக்கிறாள், குழாயில் கவனமில்லாமல் எங்கேயோ ஊற்றிவிடுகிறாள் என்று நினைத்தேன். 2006 ஜனவரி 20, திருவிழாவுக்கு முந்தின வெள்ளி. வெளியே இதே முரசு ஒத்திகை. நாலு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நானே செய்து காட்டுகிறேன் என்று ஊறப்போட்டு வைத்திருந்ததை வடித்தேன், பிரித்தேன். முதல் தரமே வந்தது. ஊறப்போட்டது அசிட்டோனில். எனக்கு மூச்சு இழுக்காதே.

ஃபெலிசின் புள்ளி தெரிந்த சோதனைத் தட்டை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "பாத்தியா? மரத்துல இருக்கு. உன் கையிலதான் இல்ல. இந்தக் கை வேதியியலுக்கு ஆகாது" என்றேன். ஒரு பையன் சிரித்தான். நான் அவனை அதட்டவில்லை.

லெட்டா "சரி, மனாங்" என்றாள். தட்டை என் கையிலிருந்து வாங்கி, அதன் இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

சரக்கறைக்குப் போனேன். எல்லோருக்கும் அண்ணனான மனோங் எஸ்டோதான் இருபத்தாறு வருஷமாக அதற்குக் காவல். பழைய குறிப்பேடுகள் எங்கே என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோடது, டாக்டர்?"

"லெட்டாவோடது. இருந்தா."

"இருந்தாவா? வந்துட்டீங்களே கடைசியில!" என்று முனகிக்கொண்டு ஏணியை நகர்த்தினார். "பத்து வருஷத்துக்கு மேல ஆனா எரிச்சிடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டதுதான். எல்லாத்தையும் எரிச்சேன். இதை மட்டும் எரிக்கல."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு போற அன்னிக்கு இதைக் குடுத்து, 'மனோங், மனாங் கேட்டா குடுங்க'ன்னுச்சு. நீங்க கேக்கவே இல்ல. நான் என்ன பண்ண?"

பிப்ரவரி 3, சனி

குண்டு குண்டான கையெழுத்து. பள்ளியில் எழுதியது மாதிரியே. அடித்தல் திருத்தல் ஒன்று இல்லை. முயற்சி 1, இல்லை. முயற்சி 2, இல்லை. எடை, நேரம், வெப்பம் எல்லாம் அரை கிராம் பிசகாமல் எழுதியிருக்கிறாள். கிடைத்த சின்னச் சேர்மத்தைப் பிரித்து, அளந்து, குப்பியில் போட்டு, பெயர் ஒட்டி வைத்திருக்கிறாள். என் மாணவர்கள் யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை.

2005 டிசம்பர் 29-ஆம் தேதிப் பக்கம். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"கேள்வி: ஃபெலிசின் அசிட்டோனில் மட்டும்தான் வருகிறதா? அந்த இரண்டு மெத்தில் அசிட்டோனிலிருந்தே வந்திருக்குமோ? சோதனை: எனக்குக் கிடைத்த சின்னச் சேர்மத்தை அசிட்டோனில் கரைத்து, ஒரு கரண்டி சிலிக்கா போட்டு, ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். மனாங்கைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்."

அதற்குக் கீழே:

"ஜன. 9. கேட்கப் போனேன். கூட்டத்தில் இருந்தாள்.
ஜன. 13. கேட்கப் போனேன். அப்புறம் வா என்றாள்.
ஜன. 20."

இருபதுக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுப் பக்கம்.

ஏண்டி கேட்ட? ஒரு கரண்டி சிலிக்கா, ஒரு நாள் – என்னைக் கேக்காமச் செஞ்சு தொலைச்சிருக்கலாமே! யார்றி உன்னைத் தடுத்தது?

நான்தான். என் ஆய்வகத்தில் என்னைக் கேட்காமல் யாரும் ஒரு குடுவையைத் தொடக்கூடாது. சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அதுபோக நான் அவளைப் படிக்கவைத்த மனாங். மனாங் வரைந்த வடிவத்தைத் தங்கை தவறு என்பாளா? எங்கள் ஊரில் எந்தத் தங்கை சொல்வாள்?

பிப்ரவரி 13

அந்திகேயிலிருந்து பட்டை வந்தது. பாதி மெத்தனால், பாதி அசிட்டோன். மாணவர்கள் யாரையும் விடவில்லை. நானே இடித்தேன், நானே ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 20

மெத்தனாலில் இல்லை. அசிட்டோனில் இருக்கிறது.

பிப்ரவரி 21

லெட்டா எழுதிவைத்தபடியே செய்தேன். சின்னச் சேர்மம், அசிட்டோன், ஒரு கரண்டி சிலிக்கா. ஒரு நாள்கூட வேண்டியிருக்கவில்லை. காலை ஒன்பதுக்குப் போட்டேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் தட்டில் ஃபெலிசின் புள்ளி ஏறிவிட்டது. மூன்று மணிக்கு இன்னும் கறுப்பாக.

மூன்று மணி நேர வேலை. இதற்குப் பன்னிரண்டு வருஷம்.

பிப்ரவரி 26, திங்கள்

ஜோவிட்டோவிடம் தட்டைக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மேம், ஜூன்ல விருது. அதுவரைக்கும் ஜப்பான்காரங்களுக்கு 'ஆய்வு செய்கிறோம்'னு ஒரு வரி போடுங்க. அவங்க எழுதட்டும். நாம ஏன் நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணும்?"

"எழுதுறதா இருந்தா நான்தான் எழுதணும், ஜோவி."

"என் கட்டுரை நாலு அதுல நிக்குது, மேம்." இந்த முறை வேடிக்கைப் பேச்சில்லை. "எனக்குப் பதவி உயர்வு வந்ததே அதுலதான்."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மருந்துக் குணம் பொய்யில்லை, மரத்திலிருந்து வந்தது என்ற வார்த்தை மட்டும்தான் போகும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். போகும்போது கேட்டான்: "திடீர்னு எப்படி மேம் இந்தச் சோதனை தோணிச்சு?"

எனக்குத் தோணல என்றேன்.

மார்ச் 4, ஞாயிறு

லெட்டா கூப்பிடுவதற்கு முன்னால் நானாயிடம் சொல்லிவிட்டேன். நாரத்தை, அசிட்டோன் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சேர்மம் மரத்தில் இல்லை, என் தப்பால் குடுவையில் உண்டானது என்றேன்.

நானாய் சட்டத்தைப் பார்த்தாள். "அப்போ அது நான் இல்லையா?"

"இல்ல, நானாய்."

"பாதிரியார்கிட்டகூடக் காட்டிட்டேனே" என்றாள். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "லெட்டாவுக்கு இது தெரியுமா?"

"அவளுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது."

"அதான்" என்றாள் நானாய். "அதான் பாக்கமாட்டேன்னா."

எதை என்றேன். நானாய் நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினாள். "வெளிச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீடியோ வந்த புதுசுல இந்தப் பக்கம் பாத்து உட்கார்ந்தேன். பின்னால சட்டம் தெரிஞ்சுது. 'நானாய், அது தெரியாத பக்கமாத் திரும்புங்க, இல்லேன்னா வச்சுடுவேன்'னா. அன்னிலேருந்து திரும்பிப் போட்டுத்தான் உட்காருறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாற்காலி திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். கண் இருந்து என்ன.

மார்ச் 9

விருது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரண்டு வரிக் கடிதம். திருத்தக் கட்டுரை எழுதத் தொடங்கினேன். ஆசிரியர்கள்: வயொலெட்டா கும்பான், அராசெலி கும்பான். அவள் பெயர் முதலில். தட்டச்சு செய்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது.

மார்ச் 22

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்த நோட்டில்கூட. யார் படிக்கப்போகிறார்கள் என்று இத்தனை மறைப்பு?

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு, 2006 மார்ச்சில், லெட்டா மணிலாவில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். என்னிடம் வேலை பார்த்ததால் என்னிடமிருந்து கடிதம் கேட்டார்கள். எழுதினேன். "நல்ல பெண், பணிவானவள். கவனமான ஆய்வு வேலையை இவரிடம் எதிர்பார்ப்பது கடினம்." தங்கை என்பதற்காகப் புகழவில்லை, நேர்மையாக இருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இடம் கிடைக்கவில்லை. செப்டம்பரில் இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

இவ்வளவுதான். எழுதியாயிற்று.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

லெட்டாவை முந்திக்கொண்டு நானே கூப்பிட்டேன். படம் வேண்டாம், குரல் மட்டும். "மனாங்கா?" என்றாள். "நானாய்க்கு என்ன?" பயந்துவிட்டாள் பாவம்.

"நானாய் நல்லா இருக்கா. லெட்டா, நீ எழுதினது சரி. அசிட்டோன்தான். உன் சோதனையைச் செஞ்சு பாத்தேன்."

அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தினாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஜனவரியில."

"எனக்குப் பன்னண்டு வருஷமாத் தெரியும்."

"இன்னொண்ணு இருக்கு. நீ மணிலாவுக்கு எழுதிப் போட்டப்ப, நான் ஒரு கடிதம் –"

"தெரியும், மனாங்."

எப்படி என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அங்க இருந்த மேம் எனக்கு போன் பண்ணினாங்க. 'எழுதினது உன் சொந்த அக்காவா? நம்ப முடியலையே'ன்னாங்க. ஆமான்னேன். 'நீ என்ன சொல்றே?'ன்னு கேட்டாங்க. மனாங் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். நோட்டுல எழுதினதை நானே நம்பாமப் போயிட்டேன். நீ அவ்வளவு உறுதியாச் சொன்னியே."

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். உன் பெயர் முதலில். இதழிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், ஒப்புதல் கேட்கும், ஓர் அழுத்து அழுத்தினால் போதும். உன் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடகடவென்று பேசிக்கொண்டே போனேன். மன்னிச்சிடு என்ற ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் சொன்னேன்.

"சின்யோராவுக்கு மருந்து நேரம்" என்று போனை வைத்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் வீட்டு எஜமானி.

மார்ச் 30, பெரிய வெள்ளி

மன்னிச்சிடு, லெட்டா. இங்கே எழுதி என்ன பயன்.

ஏப்ரல் 11

இதழின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஆசிரியர் 2: ஒப்புதல் தந்துவிட்டார். ஆசிரியர் 1: காத்திருக்கிறோம். பத்து நாளில் மூன்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15, ஞாயிறு

கூப்பிட்டாள். நானாயோடு பேசினாள். மனாங் நல்லா இருக்காளா என்று இன்று கேட்கவில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

லெட்டாவிடமிருந்து செய்தி. முழுதாக எழுதிக்கொள்கிறேன், செல்பேசி தொலைந்தாலும் இது இருக்கட்டும்.

"மனாங், மெயில் வந்துச்சு. நாலு தடவை வந்துச்சு. 'இந்தக் கட்டுரையை எழுதியவர் நீங்கள்தானா?'ன்னு கேக்குது. இல்லைன்னு அழுத்திட்டேன். கோவத்துல இல்ல. நெசமாவே நான் இல்ல. எழுதவேண்டியவ உன் லேப்ல இருந்தா, முப்பது வயசு. அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை வேணும்னு இருந்துச்சு. இப்ப நீ குடுக்கிறது எனக்கு வருது, அவளுக்குப் போய்ச் சேராது. நான் இங்க ஒரு அம்மாவைப் பாத்துக்கிறேன். அவங்களுக்குத் தொண்ணூத்தொண்ணு. குளிப்பாட்டுறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு நல்ல கைன்னு சொல்வாங்க. அது போதும் எனக்கு. உன் கட்டுரையில என் பேரு எங்கயும் வேண்டாம், நன்றின்னுகூடப் போடாதே. நோட்டை மட்டும் அனுப்பு. அது என்னோடது."

ஏப்ரல் 24

கோபமில்லையாம். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம், நான் பதில் சொல்லியிருப்பேன், அழுதிருப்போம். நல்ல கையாம். என் தங்கச்சி கையை எங்கேயோ ஒரு கிழவி பார்த்துச் சொல்லவேண்டியிருக்கு. நான் சொல்லல.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. முதல் தடவையாக.

மே 3

அவள் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன். ஒரே ஆசிரியர். கடைசிப் பத்தியில், பெயர் சொல்லாமல் ஒரு வரி சேர்த்தேன்: "இச்சோதனை 2005-ஆம் ஆண்டே இந்த ஆய்வகத்தின் குறிப்பேடு ஒன்றில் முன்மொழியப்பட்டது, இக்கட்டுரையின் ஆசிரியர் அதைக் கேட்க மறுத்தார்."

மே 17

பதிப்பாசிரியர் எழுதியிருக்கிறார். கட்டுரை ஏற்கப்பட்டது. ஒரே ஒரு திருத்தம், அந்த வரியின் பின்பாதி அறிவியல் தகவல் அல்ல, நீக்கிவிடலாமா என்கிறார்.

அந்தக் கட்டுரையிலேயே அதைவிட உறுதியான தகவல் வேறில்லை, இரண்டு தரம் சரிபார்த்தது என்று பதில் போட்டேன்.

மே 21

அந்த வரியை அப்படியே இருக்க விட்டுவிட்டார்கள். முழுதாக.

மே 24

நோட்டை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் படியெடுத்துக்கொள்ளலாம் என்று இயந்திரம் வரை கொண்டுபோனேன். அவளைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. படியெடுக்கவில்லை. மனோங் எஸ்டோ தடித்த அட்டையும் பிளாஸ்டிக் உறையும் கொண்டுவந்து அவரே கட்டிக் கொடுத்தார். "கேட்டுட்டீங்களா கடைசியில" என்றார்.

ஜூன் 19

அறுபத்து நான்காவது கட்டுரை வெளிவந்தது. ஜோவி வாசல்வரை வந்து, உள்ளே வராமல், "படிச்சேன், மேம்" என்றான். பிறகு, "அந்தக் கடைசி வரி நல்லா இருக்கு" என்றான். என்னோடு சாப்பிட வருவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. அவனையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஜூன் 24

சட்டத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக. திரு இருதயப் படம் இப்போது தனியாக இருக்கிறது. "பாவம், இத்தனை வருஷமா ஒண்டிக்கிட்டு இருந்தாரு, இப்பத்தான் காலை நீட்டுறாரு" என்றாள் நானாய். சட்டத்தை எங்கே வைப்பது என்றேன். அவள் வாங்கித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "தப்பா இருந்தாலும் எம்பேரு போட்டது" என்றாள்.

ஜூலை 8, ஞாயிறு

மூன்றரைக்கே நானாய் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துப் பழைய பக்கம் போட்டுக்கொண்டாள். நான் சமையலறையில் அரிசி களைய உட்கார்ந்தேன். நாலுக்குச் செல்பேசி அடித்தது.

"நானாய், பக்கத்தை மாத்திட்டீங்களா?"

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு."

லெட்டா நானாய்க்குப் பின்னால் சட்டம் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் தண்ணீருக்குள் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன், சத்தம் கேட்டுவிடும் என்று.

"நோட்டு வந்துச்சு" என்றாள்.

"அப்படியா? படிச்சியா?"

"படிச்சேன். சின்யோராவுக்கும் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் புரியலையாம். கையெழுத்து நல்லா இருக்குன்னாங்க." சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷம். "மனாங் எங்கே?"

"சமையலறையில. வாசல்லகூட நிக்கல இன்னிக்கு. உன் முன்னால வரப் பயப்படுறா."

அவள் பக்கத்தில் ஏதோ ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம்.

"பயப்படட்டும்" என்றாள் லெட்டா. பிறகு, "கொஞ்ச நாள்."

நானாய் சட்டென்று காய்கறி விலைக்குப் போய்விட்டாள். அரிசியை மூன்று தண்ணீர் களைந்தால் போதும். எத்தனையாவது தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை, களைந்துகொண்டே இருந்தேன்.